ஆப்பிள் கம்பெனியின் வடிவமைப்புத் திறன் மழுங்கிவிட்டதா?

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி புதிய ஐபோனை வெளியிடுகிறது. ஆண்டுதோறும் அதே குறையும் எழுகிறது: போன வருடத்துப் போனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புதுமைக்குப் பேர் போன கம்பெனி இப்போது பழைய சரக்கையே புதுப் பெட்டியில் போட்டு விற்கிறதா? பருப்பும் புளியும் விற்கும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். பேர் எடுத்த கடை அந்தப் பேரை எதனால் காப்பாற்றிக் கொள்கிறது, எதனால் கெடுத்துக் கொள்கிறது என்பது எந்த வியாபாரிக்கும் உரிய கேள்வி என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1997-ம் ஆண்டு ஸ்டீவ் ஜாப்ஸ், தாம் கூட்டாகத் தொடங்கிய கம்பெனிக்குத் திரும்பி வந்தபோது அது பெரும் நஷ்டத்தில் இருந்தது. ஏகப்பட்ட மாடல்கள், எதை யாருக்கு விற்பது என்று வாங்குபவருக்கும் தெரியவில்லை, விற்பவருக்கும் தெரியவில்லை. ஜாப்ஸ் முதலில் செய்த வேலைகளில் ஒன்று ரகங்களை வெட்டியது. வீட்டு உபயோகத்துக்கு இரண்டு, தொழில் செய்வோருக்கு இரண்டு, ஆக நான்கு போதும் என்றார். அந்த நான்கில் ஒன்றுதான் 1998-ல் வந்த ஐமேக். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் மங்கிய நிறப் பெட்டிகளாக இருந்த காலத்தில், இது நீலப்பச்சை நிறத்தில் உள்பாகம் தெரியும்படி வந்தது. மேலே ஒரு கைப்பிடி வேறு. அதை யாரும் தூக்கிக்கொண்டு அலையப் போவதில்லை. கம்ப்யூட்டரைத் தொடவே பயந்தவர்களின் பயத்தைத் தெளிவிப்பதற்குத்தான் கைப்பிடி என்பது அதை வடிவமைத்த ஜோனி ஐவ் என்பவரின் எண்ணம். பிறகு 2001-ல் பாட்டுக் கேட்கும் ஐபாட், 2007-ல் ஐபோன், 2010-ல் ஐபேட். இவை நாம் அறிந்தவையே.

2011 அக்டோபரில் ஜாப்ஸ் காலமானார். அவரோடு புதுமையும் போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மையல்ல. 2015-ல் விற்பனைக்கு வந்த கைக்கடிகாரமும், 2016-ல் வந்த கம்பியில்லாத ஏர்பாட்ஸும் அவருக்குப் பின் வந்த சரக்குகள். இரண்டும் நன்றாகவே விலை போயின. சறுக்கல் வேறு இடத்தில் நேர்ந்தது. எதையும் மெலிதாக்க வேண்டும் என்ற ஆசை, வாங்கியவரின் வசதியை மிஞ்சிவிட்டது.

2015-ல் மடிக்கணினிக்கு ஒரு புதுவகை விசைப்பலகையைப் போட்டார்கள். மெலிதாக, பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் சிறிது தூசி புகுந்தாலும் ஒரு தடவை தட்டிய எழுத்து இரண்டு தடவை விழும், அல்லது விழாமலே போகும். வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடர்ந்து, 2022-ல் கம்பெனி 5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. 2016-ல் வந்த மடிக்கணினியில் டி.வி.யுடன் இணைக்கும் துளையையும் கேமரா கார்டு செருகும் துளையையும் எடுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர், இணைப்புக் கம்பியைத் தனியாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். 2013-ல் வந்த உருளை வடிவ மேக் புரோ, உள்ளே உண்டாகும் சூட்டின் காரணமாக மேற்கொண்டு திறன் கூட்ட வழியில்லாமல் நின்றது. அந்த வடிவத்தால் தாங்களே ஒரு மூலையில் மாட்டிக்கொண்டதை 2017-ல் கம்பெனி அதிகாரிகளே பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார்கள். மவுஸ் கதை இன்னும் வேடிக்கை. 2015-ல் வந்த மவுஸுக்கு சார்ஜ் ஏற்றும் துளை அடிவயிற்றில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது மல்லாக்கப் போட வேண்டும், வேலை செய்ய முடியாது. 2024-ல் துளையின் வகையை மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை.

சரக்கு கைக்கு வருமுன் போர்டு மாட்டிய தவறும் உண்டு. ஏர்பவர் என்ற சார்ஜ் பலகையை 2017-ல் அறிவித்து, 2019-ல் முடியவில்லை என்று கைவிட்டார்கள்.

2019-ல் ஐவ் விலகினார். அதே ஆண்டு பழைய முறை விசைப்பலகை திரும்பியது. 2021-ல் எடுத்த துளைகளும் திரும்ப வந்தன. கணினி கொஞ்சம் தடித்தது, யாரும் குறை சொல்லவில்லை. இதற்கிடையே 2020 நவம்பரில் சொந்தமாக வடிவமைத்த எம்-1 சில்லுடன் மேக்புக் ஏர் வந்தது. வெளித்தோற்றம் பழைய மாடலேதான். உள்ளேயோ, காற்றாடி இல்லாமலே சூடு தாங்கியது, பேட்டரி நீண்ட நேரம் நின்றது. சமீப காலத்தில் இவர்களின் சிறந்த வடிவமைப்பு எது என்று கேட்டால் நாம் இதைத்தான் சொல்வோம்.

அப்படியானால் வெளித்தோற்றத்தில் துணிச்சல் ஏன் குறைந்தது? கல்லாவைப் பார்த்தால் விளங்கும். 2024 செப்டம்பரில் முடிந்த கணக்காண்டில் கம்பெனியின் விற்பனை சுமார் 39,100 கோடி டாலர். அதில் ஐபோன் மட்டும் சுமார் 20,100 கோடி. பாதி வியாபாரம் ஒரே சரக்கில்! இதற்கு அடுத்த பெரிய வரவு சேவை வகையில் 9,600 கோடி: மென்பொருள் விற்பனையில் கமிஷன், சேமிப்பு இடத்துக்கு மாத வாடகை, பாட்டு, படம் இவற்றுக்குச் சந்தா. நம்மில் ஒருவர் கடையில் ஒரே ரக அரிசி பாதிக் கல்லாவை நிரப்பினால், அந்த மூட்டையின் தையலை மாற்றவே கை நடுங்கும். திறமைக் குறைவைவிட இந்தப் பயமே பெரிய காரணம் என்பது நம் கருத்து.

துணிந்து செய்த ஒன்று 2024-ல் வந்த விஷன் புரோ. முகத்தில் மாட்டும் இந்தக் கருவியின் விலை 3,499 டாலர், எடை 600 கிராமுக்குக் குறையாது. புதுமைதான், சந்தேகமில்லை, ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் முகத்தில் சுமந்து எத்தனை நேரம் உட்கார முடியும்?

2025-ல் வந்த சரக்குகளில் இரண்டு போக்கும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர் கனம்தான். ஆனால் பின்புறம் ஒரே கேமரா. ஐபோன் 17 புரோ தடித்தது. சூட்டை வெளியேற்ற அலுமினிய உடல், பெரிய பேட்டரி. திரையில் உள்ளவற்றைக் கண்ணாடி போல் காட்டும் புதிய தோற்றத்தையும் அதே ஆண்டு கொண்டுவந்தார்கள். படிக்க முடியவில்லை என்று புகார் கிளம்பவே, சில வாரங்களில் கண்ணாடியை மங்கலாக்கிக் கொள்ள வழி செய்து கொடுத்தார்கள். போர்டு எழுத்து தெருவிலிருந்து தெரிய வேண்டும் என்பது நம் கடை பெயின்டருக்கே தெரியும்.

ஆக, புதிய உருவம் படைக்கும் கூர்மை குறைந்திருக்கிறது. உள்வேலையின் கூர்மை குறையவில்லை. நம் ஊர் ஸ்ரீபெரும்புதூரிலும் ஐபோன் தயாராகிறது என்றாலும் இந்தத் தீர்மானங்கள் எடுக்கப்படுவது கலிபோர்னியாவில்தான்.

உறுப்பினர்களுக்கு ஒரு குறிப்பு. வெளித்தோற்றம் அதிகம் மாறாததால், புதிய போன் வந்ததும் விலை குறையும் முந்தைய ஆண்டு மாடலே பெரும்பாலோருக்குப் போதும். மேக் கம்ப்யூட்டரின் அழகைப் பார்த்துக் கடைக்கு வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: நம்மில் பலர் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது, மேக்கில் நேரடியாக ஓடாது. வேறு ஏற்பாடு வேண்டியிருக்கும், அதன் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கவும்.