சார்ஜரில் எத்தனை ஆம்பியர் வைப்பது?

பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போடும் ரிமோட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும். சார்ஜரின் திரையில் 1 ஆம்பியர், 2 ஆம்பியர், 5 ஆம்பியர் என்று எண்கள் மாறுகின்றன. எதில் நிறுத்துவது?

பேட்டரியின் மேலே பாருங்கள். 5000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால், 5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரும் கொள்ளளவு அதற்கு உண்டு. அதே 5 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவதற்கு ‘1 சி’ வேகம் என்று பெயர். 3000 எம்ஏஹெச் என்றால் 1 சி என்பது 3 ஆம்பியர். ஆயிரத்தால் வகுத்தால் போதும். லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு, அதைத் தயாரித்தவர்கள் வேறு எண் சொல்லாதவரை, 1 சி-யைத் தாண்ட வேண்டாம். அங்கேயே ‘50 சி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது கார் ஓடும்போது பேட்டரி வெளியே தரும் மின்னோட்டத்துக்கான எண். அதை வைத்துச் சார்ஜ் போட்டுவிடாதீர்கள்!

வெளியே கொடுப்பதில் அத்தனை வேகம் காட்டும் பேட்டரி, உள்ளே வாங்குவதில் ஏன் இப்படி நிதானம் கேட்கிறது?

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து கிளம்பி, எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார வேண்டும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வந்தால் எல்லோருக்கும் இலை கிடைக்கும். ஒரேயடியாக நெருக்கியடித்தால் வாசலிலேயே கூட்டம் தேங்கிவிடும். அப்படித் தேங்கும் லித்தியம், கிராஃபைட்டின் மேலே உலோகமாகப் படிகிறது. அதில் ஒரு பங்கு மறுபடி வேலைக்கே வராது. பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது. சில நேரம் அந்த உலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்முனையைத் தொட்டு, உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். கடுங்குளிரில் அயனிகள் இன்னும் மெதுவாகத்தான் புகும் என்பதால் அப்போது ஆபத்து அதிகம்.

தொடக்க கால லித்தியம் பேட்டரிகளில் லித்தியம் உலோகமாகவே இருந்தது. பெரிய தலைவலியும் அதுதான். 1985-ல் ஜப்பானிய வேதியியலாளர் அகிரா யோஷினோ, அயனிகள் உள்ளே போய்த் தங்கும்படி கார்பன் பொருளால் ஒரு முனையை அமைத்தார். 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

அப்படியென்றால் மெதுவாக ஏற்றுவதுதான் எப்போதும் பாதுகாப்பா? நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் கதை வேறு. அது நிரம்பியதும் சூடாகும். அதன் வோல்டேஜ் லேசாக இறங்கும். அந்தச் சின்ன இறக்கத்தைக் கண்டுதான் சார்ஜர் நிற்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் இறக்கம் தெளிவாகத் தெரியாது. சார்ஜர் அதைத் தவறவிட்டு ஏற்றிக்கொண்டே போகலாம். அதனால் இந்த வகைக்கு அரை சி முதல் 1 சி வரை பொருத்தம்: 3000 எம்ஏஹெச்சுக்கு 1.5 முதல் 3 ஆம்பியர்.

லிப்போவுக்குச் சார்ஜர் பார்க்கும் அடையாளமே வேறு. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும், அதற்கு மேல் ஏறவிடாமல் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். 1 சி-யில் போட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது இதனால்தான். லிப்போவை மாட்டிவிட்டு நிக்கல் வகையைத் தேர்ந்தெடுத்தால், சார்ஜர் அந்த இறக்கத்துக்காகக் காத்திருந்து 4.2 வோல்ட்டைத் தாண்டிவிடும். எனவே முதலில் வகை, பிறகு ஆம்பியர். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே சார்ஜ் போடுங்கள். உப்பிப்போன லிப்போவை எந்த வேகத்திலும் சார்ஜ் போடக் கூடாது; உடனே அவரிடம் காட்டிவிடுங்கள்.