என்கொயரி மெயில் தவறிப் போகாமல் இருக்க... ஜிமெயிலில் படிவம், லேபிள், தானியங்கிப் பதில்

உங்கள் இன்பாக்ஸில் இப்போது எத்தனை மெயில்கள் திறக்கப்படாமல் கிடக்கின்றன? வீட்டு உபயோகத்துக்கு மட்டும் மெயில் வைத்திருப்பவர் என்றால் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அதே முகவரியை வைத்துக்கொண்டு சிறு தொழில் செய்பவர் அப்படிச் சிரிக்க முடியாது. அந்தக் குவியலில் ஒரு ஆர்டர் கிடக்கலாம்.

கரூரில் என் தாய்மாமா ஒரு சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறார். மொத்தம் 12 மெஷின்கள். மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் தைத்து ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுப்பார். சில நேரம் வெளிநாட்டு வாங்குபவர்களே நேராக மெயில் அனுப்புவதும் உண்டு. அப்படி 4000 ஏப்ரன் கேட்டு வந்த மெயில் ஒன்று, பேங்க் அறிவிப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவில் 9 நாள் கிடந்தது. மாமா பார்த்துப் பதில் போட்டபோது "வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம், நன்றி" என்று ஒரே வரி வந்தது. அந்த மாதம் பாதி மெஷின்கள் சும்மா நின்றன. "மாப்பிள்ளை, நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே? இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றார்.

வழி இருக்கிறது. காசு செலவில்லை. புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாதாரண ஜிமெயில் கணக்கு ஒன்று போதும். மாமாவுக்குச் செய்து கொடுத்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடைசியில் நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். அதைக் கட்டாயம் படியுங்கள்.

முதல் வேலை: கூட்டல் குறி முகவரி

ஜிமெயிலில் பலருக்குத் தெரியாத வசதி இது. உங்கள் முகவரியில் பெயருக்குப் பின்னால், அட் குறிக்கு முன்னால், ஒரு கூட்டல் குறி போட்டு அதன்பின் ஏதாவது ஒரு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். 'ஆர்டர்' என்று சேர்த்தாலும் 'பில்' என்று சேர்த்தாலும் மெயில் உங்கள் அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும். புதிதாக எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. விசிட்டிங் கார்டில் 'ஆர்டர்' சேர்த்த முகவரியைப் போடுங்கள். பேங்குக்கும் மின் வாரியத்துக்கும் பழைய முகவரியே இருக்கட்டும். இனி எந்த மெயில் தொழில் மெயில் என்பதை ஜிமெயிலே பிரித்துப் பார்க்க முடியும். சில இணையதளப் படிவங்கள் மட்டும் கூட்டல் குறியை ஏற்றுக்கொள்ளாது. அங்கே வழக்கமான முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது: ஃபில்டரும் லேபிளும்

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்துகொள்ளுங்கள். (ஃபில்டரை மொபைல் ஆப்பில் உருவாக்க முடியாது.) மேலே தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்ன ஐகானை கிளிக் செய்யுங்கள். விரியும் பெட்டியில் 'டு' என்ற இடத்தில் கூட்டல் குறி சேர்த்த முகவரியை டைப் செய்து, கீழே 'கிரியேட் ஃபில்டர்' என்பதை கிளிக் செய்யுங்கள். அடுத்து வரும் பட்டியலில் மூன்று கட்டங்களில் டிக் அடியுங்கள்.

1. 'அப்ளை தி லேபிள்': 'என்கொயரி' என்று புது லேபிள் உருவாக்கிக்கொள்ளுங்கள்.
2. 'ஸ்டார் இட்': பளிச்சென்று தெரியும்.
3. 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்': முன்பின் தெரியாத வெளிநாட்டு முகவரிகள் ஸ்பேமுக்குள் போய் விழாமல் தடுக்கும்.

'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' என்ற கட்டத்தைத் தொடாதீர்கள். அதில் டிக் அடித்தால் மெயில் இன்பாக்ஸுக்கு வராமலே ஒதுங்கிவிடும். பழையபடி அதே கதைதான்.

மூன்றாவது: படிவம்

என்கொயரி மெயில்களில் பாதி "ஏப்ரன் என்ன விலை?" என்ற ஒரே வரியில் வரும். அளவு என்ன, துணி எத்தனை ஜி.எஸ்.எம்., எத்தனை பீஸ், எப்போது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்குவதற்குள் நாலு மெயில் போய் நாலு மெயில் வந்துவிடும். கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் செய்துவிட்டால் எல்லாம் ஒரே தடவையில் கிடைக்கும்.

பொருளின் பெயருக்கு 'டிராப்டவுன்' வகையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கைக்கு 'ஷார்ட் ஆன்ஸர்' வைத்து, மூன்று புள்ளி மெனுவில் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' சென்று எண் மட்டுமே ஏற்கும்படி செய்யுங்கள். குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவோ அதையும் அங்கேயே நிர்ணயிக்கலாம். அவசியமான கேள்விகளுக்கு 'ரிக்வயர்ட்' பொத்தானைத் தள்ளுங்கள். மொத்தம் ஏழு, எட்டு கேள்விகளைத் தாண்ட வேண்டாம். நீளமான படிவத்தைப் பார்த்தால் வாங்குபவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஃபைல் அப்லோட்' கேள்வி வைத்தால், படிவத்தை நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். எல்லோரிடமும் அந்தக் கணக்கு இருக்காது. டிசைன் படத்தை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது 'செட்டிங்ஸ்' பக்கத்துக்கு வாருங்கள். 'ரெஸ்பான்ஸஸ்' பகுதியில் மெயில் முகவரி கேட்கும்படி செய்து, நிரப்பியவருக்கு ஒரு பிரதி போவதற்கான வசதியில் 'ஆல்வேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாங்குபவர் படிவத்தை அனுப்பிய உடனே அவர் எழுதியதன் பிரதி அவருக்கே மெயிலில் போய்விடும். "கிடைத்ததா இல்லையா" என்ற சந்தேகம் அவருக்கு வராது. நீங்கள் ஒரு வரிகூட எழுதாமல் கிடைத்த தானியங்கிப் பதில் இது! உங்களுக்குத் தகவல் வர, 'ரெஸ்பான்ஸஸ்' டேபில் மூன்று புள்ளியை கிளிக் செய்து மெயில் அறிவிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது: பதிவேடு

அதே டேபில் 'லிங்க் டு ஷீட்ஸ்' என்று இருக்கும். கிளிக் செய்தால் ஒரு கூகுள் ஷீட் உருவாகி, ஒவ்வொரு என்கொயரியும் ஒரு வரியாக அதில் தானே சேரும். வலது பக்கம் மூன்று பத்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நிலை, பொறுப்பு, அடுத்த தேதி. 'அடுத்த தேதி' பத்தியை செலக்ட் செய்து, 'ஃபார்மட்' மெனுவில் 'கண்டிஷனல் ஃபார்மட்டிங்' சென்று, தேதி இன்றைக்கு முந்தையதாக இருந்தால் சிவப்பு நிறம் என்று விதி அமையுங்கள். காலையில் ஷீட்டைத் திறந்தவுடன் யாருக்குப் பதில் தர வேண்டும் என்பது சிவப்பாகத் தெரியும். வேலை முடிந்த வரியில் தேதியை அழித்துவிட்டால் நிறமும் போய்விடும். மாமாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான்.

ஐந்தாவது: டெம்ப்ளேட்

ஒரே பதிலை எத்தனை முறை டைப் செய்வது? 2008-ல் 'கேன்ட் ரெஸ்பான்ஸஸ்' என்ற பெயரில் ஜிமெயிலில் அறிமுகமான வசதிதான் இன்றைய 'டெம்ப்ளேட்ஸ்'. 'சீ ஆல் செட்டிங்ஸ்', பிறகு 'அட்வான்ஸ்ட்' டேப் என்று சென்று 'டெம்ப்ளேட்ஸ்' எதிரில் 'எனேபிள்' கொடுத்து சேவ் செய்யுங்கள். பிறகு புது மெயிலில் பதிலை டைப் செய்து, கீழே மூன்று புள்ளி மெனு வழியாக டெம்ப்ளேட்டாக சேமியுங்கள். சாம்பிள் அனுப்பும் முறை, கட்டண நிபந்தனை, படிவத்தின் இணைப்பு என்று மூன்று நான்கு வைத்துக்கொண்டால் போதும்.

அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வசதிகள் உண்டு. ஃபில்டரின் வேலையை 'ரூல்ஸ்' செய்யும். அவுட்லுக் 2010-ல் வந்த 'குவிக் ஸ்டெப்ஸ்' மூலம், ஒரே கிளிக்கில் மெயிலை நகர்த்தி, கொடியிட்டு, வேறொருவருக்கு அனுப்பவும் முடியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில விதிகள் சர்வரிலேயே இயங்கும், சில உங்கள் கம்ப்யூட்டரில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் இயங்கும். பழைய அவுட்லுக்கில் வி.பி.ஏ. மேக்ரோவோ 'காம்' வகை பிளக்-இன்னோ வைத்திருப்பவர்கள், விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்குக்கு மாறும் முன் யோசியுங்கள். புதியதில் இவை இரண்டும் இயங்காது.

நான் செய்த தவறு

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கை ஊறியது. படிவத்தை நிரப்பாமல் நேராக மெயில் அனுப்புபவர்களுக்கும் உடனே பதில் போகட்டும் என்று, கூகுளின் 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்'டில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 5 நிமிடத்துக்கு ஒருமுறை 'என்கொயரி' லேபிளில் படிக்காத மெயில் உண்டா என்று பார்க்கும். இருந்தால், "உங்கள் மெயில் கிடைத்தது" என்று படிவ இணைப்போடு பதில் அனுப்பும். பதில் திரும்பி வரும் முகவரியாகவும் அதே கூட்டல் குறி முகவரியையே கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் இரவு 11 மணிக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. என் புரோகிராம் பதில் போட்டது. அங்கேயும் ஒரு தானியங்கி உட்கார்ந்திருந்தது! "உங்கள் மெயில் கிடைத்தது, உங்கள் டிக்கெட் எண் இது" என்று அது பதில் போட்டது. அது 'என்கொயரி' லேபிளில் புது மெயிலாக விழ, என்னுடையது மறுபடி பதில் போட்டது. 5 நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு 12. காலை 7 மணிக்குள் 96 பதில்கள் போயிருந்தன. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மூலம் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும். சிறிது நேரத்தில் அந்த அளவும் தீர்ந்தது. அன்று காலை மெயில் அனுப்பிய உண்மையான வாடிக்கையாளர்களுக்கு ஒரு பதிலும் போகவில்லை.

மாமா போன் செய்தார். "ஏன் மாப்பிள்ளை, உன் மெஷினு அந்த ஆளுக்கு விடிய விடிய கடுதாசி எழுதியிருக்குது. அவன் நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்?" என்னிடம் பதில் இல்லை. அவரே தன் கையால் ஒரு மன்னிப்பு மெயில் எழுதினார். அந்த நிறுவனம் சாம்பிள் கேட்டது. ஆர்டர் கொடுக்கவில்லை.

அன்று கற்றுக்கொண்டவை இவை.

ஒரே முகவரிக்கு ஒரே நாளில் இரண்டாவது தானியங்கிப் பதில் போகக்கூடாது. ஜிமெயிலின் 'வெகேஷன் ரெஸ்பாண்டர்' இதை முன்பே செய்து வைத்திருக்கிறது. ஒருவர் எத்தனை மெயில் போட்டாலும் 4 நாளைக்கு ஒரு பதில்தான் அனுப்பும். நான் அதைப் பார்த்துக் கற்றிருக்க வேண்டும்.

இயந்திரம் அனுப்பிய மெயிலுக்கு இயந்திரம் பதில் போடக்கூடாது. இதற்கு 2004-லேயே ஆர்.எஃப்.சி. 3834 என்ற வரையறை வந்துவிட்டது. தானியங்கி மெயில்கள் தங்கள் தலைப்பகுதியில் 'ஆட்டோ சப்மிட்டட்' என்ற அடையாளத்தைத் தாங்கி வர வேண்டும், அதைக் கண்டால் மற்ற தானியங்கிகள் பேசாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது என் புரோகிராம் முதலில் அந்த அடையாளத்தைத் தேடுகிறது. 'நோ ரிப்ளை' முகவரிகளையும் விட்டுவிடுகிறது.

ஒரு நாளைக்கு 30 பதில்களுக்கு மேல் போனால் தானே நின்று, எனக்குத் தகவல் சொல்லும்படியும் மாற்றினேன். புதிதாக எதைச் செய்தாலும், சொந்தக் கணக்குகள் இரண்டை வைத்து ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பி ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் சோதித்துப் பார்க்காதீர்கள்.

பிளக்-இன் போடும் முன்...

மெயில் மெர்ஜ், நினைவூட்டல், பின்தொடர்தல் என்று ஜிமெயிலுக்கும் ஷீட்ஸுக்கும் ஏராளமான ஆட்-ஆன்கள் கிடைக்கின்றன. நிறுவும்போது வரும் அனுமதிக் கட்டத்தை நிதானமாகப் படியுங்கள். "உங்கள் மெயில்களைப் படிக்கவும், எழுதவும், அனுப்பவும், நிரந்தரமாக அழிக்கவும்" என்று கேட்டால், அந்த அளவு அதிகாரம் இந்த வேலைக்குத் தேவையா என்று யோசியுங்கள். 1999-ல் மெலிஸா வைரஸ் அவுட்லுக்கின் தானியங்கி வசதியைப் பிடித்துக்கொண்டுதான், முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது.

மாதம் ஒருமுறை ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர் பட்டியலையும் 'ஃபார்வர்டிங்' பகுதியையும் திறந்து பாருங்கள். நீங்கள் அமைக்காத ஃபில்டரோ ஃபார்வர்டு முகவரியோ அங்கே இருந்தால், யாரோ உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார் என்று அர்த்தம். உடனே அதை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, இரு படிச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

விலையையும் பேங்க் கணக்கு எண்ணையும் தானியங்கிப் பதிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று போலி மெயில் அனுப்பிப் பணம் பறிப்பது பெரிய மோசடியாக இருக்கிறது. அதை மட்டும் போனில் குரல் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

இப்போதும் மாமா தினமும் காலையில் டீ டம்ளரோடு அந்த ஷீட்டைத் திறக்கிறார். சிவப்பு வரி இருந்தால் டீ ஆறுவதற்குள் பதில் போகிறது. அந்தப் பதிலை அவரேதான் எழுதுகிறார். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டல் குறி முகவரியிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் இரண்டு படிகளுக்கு அரை மணி நேரம் போதும்.