வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள்

எஸ்டேட்டில் வேலைநிறுத்தம் வாபஸ் என்று தெரிந்ததும் வால்பாறையில் முதலில் எழும் கேள்வி, "கூலி எவ்வளவு ஏத்தியிருக்காங்க?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வேலைக்குத் திரும்பிய பிறகு வரும் சம்பளச் சீட்டை அந்த ஒரு தொகை மட்டும் முடிவுசெய்வதில்லை.

ஆனைமலைத் தொடரில் நமக்கு அடுத்திருக்கும் மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். முந்தைய ஆண்டு 19 சதவீதம் போனஸ் கொடுத்த கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ், அந்த ஆண்டு 10 சதவீதம்தான் என்றது. இத்தனைக்கும் அது தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி. கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் லிசி சன்னி, கோமதி போன்றவர்கள் முன்னின்றார்கள். முதல்வர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சுக்குப் பின் செப்டம்பர் 13 ஞாயிறன்று உடன்பாடு ஏற்பட்டது. 20 சதவீதம் கிடைத்தது.

அந்த 20 சதவீதம் இரண்டு துண்டாக எழுதப்பட்டது: 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை. அப்போது அமலில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி, தகுதியுள்ள தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது, உச்சவரம்பு 20. கருணைத்தொகையாகக் கொடுப்பது அந்த ஆண்டோடு சரி. அடுத்த ஆண்டு அதைச் சட்டப்படி உரிமை என்று கேட்பது கடினம். கைக்கு வரும் பணம் ஒன்றுதான், காகிதத்தில் அதன் பெயர் வேறு. இந்த வித்தியாசத்தை நிர்வாகம் மறக்காது.

கூலிப் பிரச்சினை அதோடு தீரவில்லை. மறுபடியும் போராட்டம், அக்டோபர் 14 அன்று தேயிலைக்கு நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கேட்டது 500. கூலியை ஏற்றுவதென்றால் அன்றாடம் பறிக்க வேண்டிய கிலோவையும் ஏற்ற வேண்டும் என்று அந்தப் பேச்சுகளில் நிர்வாகங்கள் வற்புறுத்தின. ஆகவே கூலி எண்ணுக்குப் பக்கத்தில் கிலோ எண்ணையும் படிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் உயர்வு. இரண்டும் சேர்ந்து ஏறினால் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

வேலை நின்ற நாட்களில் செடி நிற்பதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற பதத்தில் பறிக்க, அதே செடிக்கு வாரம் பத்து நாளுக்கொரு முறை திரும்ப வேண்டும். மூன்று வாரம் விட்டால் கொழுந்து முற்றி நார் ஏறிவிடும், செடியின் மேல்மட்டமும் ஏற்ற இறக்கமாகிவிடும். முற்றியதை வெட்டி எறிந்து மட்டப்படுத்திய பிறகுதான் நல்ல கொழுந்து வரும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் ஃபாக்டரியும் அதுவரை அரைவேலைதான். கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசை நம்பியிருக்கும் பெண்களுக்கு, வேலைக்குத் திரும்பிய முதல் சில வாரங்களும் பாதி வேலைநிறுத்தம் போலத்தான் போகும்.

சுரங்கத்தில் இது இன்னும் கடுமை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவுக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். 2015இல் அங்கே நிரந்தரத் தொழிலாளர்கள் ஊதிய ஒப்பந்தத்துக்காக ஜூலை 20 முதல் ஏறத்தாழ 40 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படிப்பட்ட நாட்களிலும் பம்புகளை நிறுத்த முடியாது. பிரிட்டனில் 1984 மார்ச்சில் தொடங்கிய நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தின்போது, ஆளில்லாமல் கிடந்த சில வெட்டுமுகங்கள் நிலத்தின் அழுத்தத்தில் நசுங்கிப்போயின. ஓராண்டுக்குப் பின், 1985 மார்ச் 5 அன்று, கொடியும் பேண்டு வாத்தியமுமாக ஊர்வலம் போய் அவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். ஆனால் எந்த ஒப்பந்தமும் இல்லாமல்! போராட்டத்தில் வேலை பறிக்கப்பட்டிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைத் திரும்ப எடுப்பதாக ஒரு வரிகூட யாரும் எழுதித் தரவில்லை. ஊர்வலம் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், என்னைக் கேட்டால், வேலைக்குத் திரும்ப அதைவிட மோசமான வழி கிடையாது.

நம் ஊர்ச் சங்கக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் "12(3) ஒப்பந்தம்", "18(1) ஒப்பந்தம்" என்ற சொற்களின் மதிப்பு இங்கேதான் தெரியும். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில், சமரசப் பேச்சின் வழியாக ஏற்படுவது 12(3). அது கையெழுத்திடாத சங்கத்தின் உறுப்பினர்களையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவர்களையும்கூடக் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது 18(1). அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, இந்த வேறுபாடு மாறவில்லை. மாறிய ஒன்று உண்டு. முன்பு பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கட்டாயம், இப்போது எல்லாத் தொழிலகங்களுக்கும் வந்துவிட்டது. குறைந்தது 14 நாள் முன்னதாகச் சொல்லியாக வேண்டும்.

போராட்ட நாட்களின் சம்பளம் போனது போனதுதானா? பெரும்பாலும் அப்படித்தான். வேலைநிறுத்தம் சட்டபூர்வமாகவும் நியாயமானதாகவும் இருந்தால்தான் அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் சொன்னது. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, உரிய அறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், அறிவிப்புக்கு ஈடாக எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இதன் தொடர்ச்சி வருடம் முழுக்க வரும். சட்டப்படி பெரியவர்களுக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. வேலை நாள் குறைந்தால் விடுப்பும் குறையும். போனஸ் கணக்கிடுவது ஈட்டிய சம்பளத்தின் மேல் என்பதால் அதுவும் குறையும். பி.எஃப். தொகையும் அப்படியே. பணிக்கொடைக்கான சர்வீஸ் மட்டும், வேலைநிறுத்தம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், முறியாது. இதையெல்லாம் பேச்சுவார்த்தையிலேயே பேசி, போராட்ட நாட்களை விடுப்பாகவோ பின்னால் ஈடுசெய்யும் வேலை நாட்களாகவோ எழுதி வாங்க முடியும்.

வழக்குகளும் அப்படித்தான். 1999இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, சிறையிலிருந்த 652 பேரை விடுவிப்பதும் இருந்தது. அதற்காக ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். கூலி உடன்பாட்டால் போலீஸ் வழக்கு தானாகப் போய்விடாது, அதை அரசுதான் திரும்பப் பெற வேண்டும். சஸ்பெண்டு ஆனவர்கள் எந்தத் தேதியில் வேலைக்கு வருவார்கள், விசாரணை நோட்டீஸ்கள் ரத்தா இல்லையா என்பதைத் தனி வரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "பழிவாங்கல் இருக்காது" என்ற பொதுவான வாக்கியம் போதாது. பெயர்ப் பட்டியல் இணைந்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தேதிகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதி ஒன்று இருக்கும், புதிய கூலி அமலுக்கு வரும் தேதி வேறொன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலுவையை எந்த மாதச் சம்பளத்தோடு, எத்தனை தவணையில் தருவார்கள், இடையில் ஓய்வுபெற்றவர்களுக்கு அது உண்டா என்பதையும் அந்தக் காகிதத்திலேயே தேடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ் நகல் கேளுங்கள்.