ஆளுக்கொரு வரைபடம்

தாய்லாந்தின் நோங்காய் ஊருக்கும் லாவோஸின் தலைநகரம் வியஞ்சானுக்கும் நடுவே மேக்காங் ஆறு ஓடுகிறது. 1994இல் ஆஸ்திரேலியாவின் உதவியோடு அதன் குறுக்கே ஒரு பாலம் கட்டினார்கள். நீளம் 1,170 மீட்டர். தாய்லாந்தில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும், லாவோஸில் வலப்பக்கம். அதனால் பாலத்தின் முனையில் எல்லா வண்டிகளும் குறுக்கே வெட்டிப் பக்கம் மாறிக்கொள்கின்றன. இந்தப் பாலத்தில் போய்வருகிற வெளிநாட்டுப் பயணிகளில் ஒரு பகுதியினருக்கு வியஞ்சானில் எந்த வேலையும் கிடையாது. தாய்லாந்தில் தங்க அவர்களுக்குக் கொடுத்த நாட்கள் தீரப்போகின்றன, அவ்வளவுதான். வெளியேறியதற்கு ஒரு முத்திரை, திரும்பி நுழைந்ததற்கு ஒரு முத்திரை வாங்கிவிட்டால் நாட்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இதை விசா ரன் என்பார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த எளிமை யாருடைய கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் இரண்டு பயணிகளுக்கு ஒரே நாளில் காலம் தீரலாம். ஒருவர் மறுநாள் காலை ரயிலேறிப் போய் மாலையில் திரும்பிவிடுவார். மற்றவருக்கு அதே எல்லை, அதே ரயில், அதே தூரம். ஆனாலும் போக முடியாது. இது ஏன் என்று பார்க்கப் போனால் அரசியலுக்கு முன்னால் ஓர் அழகான கணிதம் நிற்கிறது.

1736இல் லியோனார்டு ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றி ஒரு கேள்விக்கு விடை எழுதினார். எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர முடியுமா என்பது கேள்வி. முடியாது என்று நிறுவினார். நிறுவிய விதம்தான் அதிசயம். தெருக்களின் நீளம், ஆற்றின் அகலம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். நிலத்துண்டுகள் புள்ளிகள், பாலங்கள் கோடுகள். எந்தப் புள்ளி எதோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே மிச்சம். கோட்டுருவியல் என்ற கணிதத்துறை அங்கிருந்து கிளம்பியது. அந்தக் கோனிக்ஸ்பெர்க் இன்று கலினின்கிராட். போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் இடையில் ரஷ்யாவின் மற்ற நிலப்பகுதியிலிருந்து துண்டாகக் கிடக்கும் ரஷ்ய மண். மாஸ்கோவிலிருந்து லித்துவேனியா வழியாக ரயிலில் அங்கே போகிற ரஷ்யக் குடிமக்கள் 2003 முதல் தனியாக ஒரு கடப்பு ஆவணம் வாங்க வேண்டியிருக்கிறது. சொந்த நாட்டின் இன்னொரு ஊருக்குப் போவதற்கு! பாலங்களைப் பற்றிய கணிதம் பிறந்த ஊர், இணைப்பு அறுவது என்றால் என்ன என்பதற்கும் எடுத்துக்காட்டாகிவிட்டது.

ஆய்லரின் முறையை உலக வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நாடுகள் புள்ளிகள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நீங்கள் இன்றே கிளம்பிப் போக முடியும் என்றால் ஒரு கோடு. மலைக்கும் கடலுக்கும் இங்கே வேலையில்லை. கோடுகளைப் போடுவதும் அழிப்பதும் பாஸ்போர்ட். ஆகவே உலகத்துக்கு ஒரு வரைபடம் என்று நாம் பள்ளியில் சுவரில் பார்த்தது உண்மையில் போதாது. இருநூறு வகை பாஸ்போர்ட் இருந்தால் இருநூறு வரைபடங்கள் இருக்கின்றன. புள்ளிகள் எல்லாவற்றிலும் ஒன்றே. கோடுகள் வேறு.

இந்திய பாஸ்போர்ட்டின் வரைபடத்தில் தாய்லாந்தைச் சுற்றிப் பார்ப்போம். தரைவழி அண்டை நாடுகள் நான்கு: லாவோஸ், கம்போடியா, மியான்மர், மலேசியா. தெற்கே மலேசியாவுக்குப் போவதுதான் பலருக்குப் பழக்கமான பாதை. பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் இரண்டு நாட்டு இமிகிரேஷன் மேசைகளும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. சில எட்டுகளில் நாடு மாறிவிடும். அங்கிருந்து பினாங்கு போய், ஜார்ஜ் டவுனில் உள்ள தாய்லாந்துத் துணைத்தூதரகத்தில் புது விசா வாங்கித் திரும்புவது ஐரோப்பியப் பயணிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது. இந்தியருக்கு அந்தக் கோடு அப்படி இருக்கவில்லை. மலேசியாவுக்கு முன்கூட்டியே விசா வேண்டும் என்ற நிலை 2023 டிசம்பர் 1 அன்றுதான் மாறியது. அன்றுமுதல் 30 நாளுக்கு விசா இல்லாமல் நுழையலாம் என்று மலேசியா அறிவித்தது. பினாங்கில் தமிழ்க் கடைத்தெருவே இருக்கிறது. பக்கத்து நாட்டின் எல்லையில் வந்து நிற்கிற தமிழ்நாட்டுப் பயணிக்கு மட்டும் அதுவரை கோடு இல்லை.

தாய்லாந்துக்குள் நுழையும் கோடும் இப்படியே மாறி வந்தது. இந்தியருக்கு நெடுங்காலம் விமான நிலையத்தில் கொடுக்கும் 15 நாள் விசாதான். 2023 நவம்பரில் விசா இல்லாமல் 30 நாள் ஆனது. 2024 ஜூலை 15 அன்று 93 நாட்டவருக்கு 60 நாள் என்று அறிவித்தபோது அந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்தன. இத்தகைய விதிகள் ஆண்டுக்கு ஆண்டு புரளும். கோடு எல்லோருக்கும் ஒரேயடியாக அழிவதும் உண்டு: 2025 ஜூன் மாதம் எல்லைத் தகராறு மூண்டபோது தாய்லாந்து கம்போடியத் தரைவழிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது, ஜூலையில் சண்டையே நடந்தது.

விசா ரன் என்பதற்கு ஒரு கோடு போதாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று, இரண்டும் வேண்டும். ஒருமுறை நுழைவுக்கு மட்டுமான விசாவில் வந்தவருக்குப் பக்கத்து நாடு கதவைத் திறந்தே வைத்திருந்தாலும் பயனில்லை. வெளியேறும் முத்திரை விழுந்த நொடியில் அவருடைய விசாவின் ஆயுள் முடிந்துவிடுகிறது. திரும்புகிற கோடு அழிந்துபோகிறது. விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் வரக்கூடியவருக்கும் தரைவழியாக ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறைதான் நுழைவு என்று 2016 டிசம்பர் கடைசியில் வரம்பு கட்டினார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் விமானத்தில் வர வேண்டும். பணம் உள்ளவருக்கு இன்னொரு கோடு.

விமானம் என்றதும் இன்னொன்று. எல்லை என்று நாம் நினைக்கிற இடத்தில் இப்போது எல்லை இல்லை. விமான நிறுவனத்தின் செக்-இன் மேசையில் இருக்கிறது. அங்கே இருப்பவர் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் நாட்டையும் போகுமிடத்தையும் தட்டிப் பார்ப்பார். விசா இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் நிறுவனத்துக்கு அபராதம். இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் தமிழருக்கு வலியான ஓர் இடம் உண்டு. 1985இல் பிரிட்டன் முதன்முதலாக ஒரு காமன்வெல்த் நாட்டின் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. அந்த நாடு இலங்கை. கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்துகொண்டிருந்தவர்கள் தமிழர்கள். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கித் தஞ்சம் கேட்ட தமிழர் குழு ஒன்றைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே ஆண்டு, உரிய ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் 1,000 பவுண்டு என்று விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. இன்றும் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனின் விமான நிலையம் ஒன்றில், வெளியே வராமல் விமானம் மட்டும் மாறுவதற்கே தனி விசா வேண்டும் என்ற பொதுப்பட்டியலில் உள்ள 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அமெரிக்க விசா போன்றவை கையில் இருப்பவருக்கு மட்டும் விலக்குகள் உண்டு. போகுமிடத்துக்கான கோடு இருந்தாலும் நடுவில் கால் வைக்கும் புள்ளி மறைந்துவிடுகிறது.

ஷெங்கனுக்கு வந்துவிட்டோம், அங்கே நாட்களை எண்ணும் முறையே வேறு, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜனவரி 1 அன்று ஒருவர் நுழைகிறார் என்று வையுங்கள், லீப் ஆண்டு அல்ல. மார்ச் 31 அவருக்குத் தொண்ணூறாவது நாள். அன்றே வெளியேற வேண்டும். ஜூன் 29 வரை உள்ளே கால் வைக்க முடியாது. ஜூன் 30 அன்று பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 1 அந்த 180 நாள் வட்டத்திலிருந்து விழுந்துவிட்டிருக்கும். பழைய நாட்கள் 89, இன்று ஒன்று, மொத்தம் 90. மறுநாள் ஜனவரி 2 விழும், புது நாள் ஒன்று சேரும். இப்படியே ஒரு பழைய நாள் உதிர உதிர ஒரு புது நாள் வந்து உட்கார்ந்து, செப்டம்பர் 27 வரை அவர் தொடர்ந்து இருக்கலாம்.

இந்தக் கணக்கு முதலில் இப்படி இல்லை. முதல் நுழைவிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் இருந்தது. ஒரு ருமேனியப் பயணியைப் பிரான்ஸ் வெளியேற்ற முயன்ற வழக்கில், 2006 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது. அதன்படி ஒருவர் ஓர் ஆறுமாதத்தின் கடைசியில் 90 நாளும் அடுத்த ஆறுமாதத்தின் தொடக்கத்தில் 90 நாளும் சேர்த்து ஏறக்குறைய ஆறு மாதம் உள்ளேயே இருக்க முடிந்தது. நடுவில் ஒருமுறை வெளியே போய் வந்தால் போதும். 2013 அக்டோபர் 18 முதல் பின்னோக்கி எண்ணும் முறை வந்தது. எல்லையைத் தாண்டித் திரும்பினால் கணக்கு ஒன்றுக்குத் திரும்பும் வித்தை அங்கே செத்துவிட்டது. வெளியே போவது கடிகாரத்தை நிறுத்தி வைக்கும், திருப்பி வைக்காது.

அப்படியானால் நாட்டுரிமையின் வேலை முடிந்ததா என்றால், இல்லை. காத்திருக்கும் அந்த 90 நாளை எங்கே கழிப்பது? அமெரிக்கர் பிரிட்டனுக்கோ செர்பியாவுக்கோ அல்பேனியாவுக்கோ போய் உட்காருவார். இந்தியருக்குச் செர்பியா 2017 முதல் 30 நாள் விசா இல்லாமல் திறந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் நெருக்கியதும் 2023 ஜனவரி 1 முதல் அந்தக் கோடு அழிந்தது. இப்போது செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்க விசா ஏதாவது ஒன்று பாஸ்போர்ட்டில் இருந்தால் மட்டும் செர்பியா விடும். ஒரு நாட்டின் விசா மூன்றாவது நாட்டின் கோட்டை வரைந்து தருகிறது. அந்த விசா காலாவதியானால் இரண்டு கோடுகளும் சேர்ந்தே போகும். மறுபுறம், நியூசிலாந்துக்காரருக்குப் பல ஐரோப்பிய நாடுகளோடு பழைய இருதரப்பு ஒப்பந்தங்கள் உண்டு. அவற்றின்படி பொதுக்கணக்கை விட்டு நாட்டுக்கு நாடு தனியாக நாட்கள் கேட்கலாம். அவர் வரைபடத்தில் கோடுகள் அடர்ந்து கிடக்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனா தொற்று பரவியபோது எல்லா வரைபடங்களிலும் ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் சில வாரங்களில் அழிந்தன. தாய்லாந்தில் மாட்டிக்கொண்ட பயணிகளில் யாராலும் பாலத்தைக் கடந்து வர முடியவில்லை. அப்போது அந்நாட்டு அரசு என்ன செய்தது? மார்ச் 26 முதல் காலம் தீர்ந்த எல்லோருக்கும், விண்ணப்பமே இல்லாமல், தங்கும் அனுமதியைத் தானாக நீட்டித்தது. முதலில் ஏப்ரல் கடைசி வரை, பிறகு ஜூலை 31, பிறகு செப்டம்பர் 26. யார் எந்த நாட்டவர் என்று பிரிக்கவில்லை. ஆற்றைக் கடந்து திரும்பாமலே நாட்கணக்கைத் தொடர முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியே போய் வா என்று கேட்கும் விதி, ஒருவர் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அவருடைய நடத்தையால் அளப்பதில்லை. அவருடைய வரைபடத்தில் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்பதால் அளக்கிறது. அதனால்தான் உள்ளூர் இமிகிரேஷன் அலுவலகத்தின் மேசையை நான் மதிக்கிறேன். தாய்லாந்தில் டி.எம்.7 என்ற படிவம், ஒரு புகைப்படம், 1,900 பாத் கட்டணம்; சுற்றுலாவாக வந்தவர் 30 நாள் நீட்டிப்புக் கேட்கலாம். கட்டணம் நார்வேக்காரருக்கும் நேபாளிக்கும் ஒன்றே. ஷெங்கன் நாடுகளில் இதற்கான வாசல் குறுகல்: இயற்கைச் சீற்றம் போன்ற தவிர்க்க முடியாத தடையோ மனிதாபிமானக் காரணமோ இருந்தால் விசாவைக் கட்டணமின்றி நீட்டிக்க வேண்டும், கடுமையான சொந்தக் காரணம் என்றால் 30 யூரோ. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வானத்தை மூடி விமானங்களை நிறுத்தியபோது பயணிகள் தட்டியது இந்த வாசலைத்தான்.

கோடுகள் குறைந்த பாஸ்போர்ட்டோடு பயணம் போகிறவர் முத்திரையில் உள்ள கடைசித் தேதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். தாய்லாந்தில் நுழைந்த நாளே முதல் நாள். தேதி தாண்டினால் நாளுக்கு 500 பாத், மொத்தம் 20,000 வரை. 90 நாளுக்கு மேல் தாண்டியவர் தானாகவே வந்து வெளியேறினாலும் குறைந்தது ஓராண்டு தடை. சோதனையில் பிடிபட்டால் சில நாள் தாண்டியிருந்தாலும் ஐந்தாண்டு. எல்லை தேடி அலைவதற்கு முன், கடைசி வாரம் வரை காத்திராமல், அந்த ஊரின் இமிகிரேஷன் அலுவலகத்துக்கு ஒரு காலைப்பொழுதில் போய்விடுவது நல்லது.