பத்துப் பாகை சாயும் ஆடிகள்

அடுத்த முறை வலீமா மண்டபத்திலோ பாடசாலை மண்டபத்திலோ மல்டிமீடியா என்று நாம் சொல்லும் புரொஜெக்டர் ஓடும்போது, திரை வெறும் வெள்ளையாக இருக்கும் நேரம் பார்த்து, வெளிச்சத்துக்குக் குறுக்கே விரல்களை விரித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். யாராவது அதட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும். விரல் நிழலின் ஓரங்களில் சிவப்பும் பச்சையும் நீலமும் தெறித்தால் அந்தப் பெட்டிக்குள் ஆடிகள் இருக்கின்றன. வெறும் சாம்பல் நிழல்தான் விழுகிறது என்றால் அது பெரும்பாலும் திரவப் பளிங்குத் தகடுகள் வைத்த வேறு இனம். நம் பக்கத்து வகுப்பறைகளிலும் ஒலுவில் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் விரிவுரை மண்டபங்களிலும் இரண்டு இனமும் புழங்கலாம். இங்கே பேசப்போவது முதல் இனத்தைப் பற்றி.

பெட்டியைத் திறந்தால் விரல்நுனி அளவில் ஒரு சில்லு இருக்கும். அதன் முகத்தில் அலுமினிய ஆடிகள், திரையின் ஒரு புள்ளிக்கு ஒன்றாக. படம் 1024க்கு 768 புள்ளிகள் என்றால் 786,432 ஆடிகள். 1996இல் விற்பனைக்கு வந்த முதல் புரொஜெக்டர்களில் ஓர் ஆடியின் பக்கம் 16 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய அறுபது ஆடிகள் அடங்கும். ஒவ்வொன்றும் மெல்லிய உலோகக் கீல் ஒன்றில் தொங்குகிறது. கீழே சிலிக்கனில் அதற்கென ஒரு நினைவுக் கலம். அந்த முதல் புரொஜெக்டர்களில், கலத்தில் 1 இருந்தால் மின்விசை ஆடியை ஒரு பக்கம் பத்துப் பாகை சாய்க்கும். 0 இருந்தால் மறுபக்கம் பத்துப் பாகை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு மீதி தெரியும். ஆடி எத்தனை பாகை திரும்புகிறதோ அதைப்போல் இரு மடங்கு தெறித்த கதிர் திரும்பும். இருபது பாகை வித்தியாசம் நாற்பதாகிறது. வகுப்பில் உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிடித்துக் கரும்பலகையில் ஓடவிடும் பையன் செய்வது இதைத்தான். மணிக்கட்டை இம்மி அசைத்தால் வெளிச்சம் கூரைக்குப் போய்விடும். ஒரு பக்கம் சாய்ந்த ஆடியின் ஒளி வில்லைக்குள் புகுந்து திரையில் வெள்ளைப் புள்ளியாகிறது. மறுபக்கம் சாய்ந்தால் பெட்டிக்குள்ளேயே ஒரு கறுத்த பரப்பில் விழுந்து சூடாகி வீணாகிறது. மல்டிமீடியாவின் மின்விசிறி இரைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடிக்குத் தெரிந்தது வெள்ளையும் கறுப்பும் மட்டும் என்றால், மணமகனின் கன்னத்துச் சாம்பல் நிழல் எங்கிருந்து வருகிறது? நேரத்திலிருந்து. செக்கனுக்கு 60 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்கு. விளக்குக்கு முன் சுழலும் நிறச் சக்கரம் அவற்றை வரிசையாகத் தருகிறது. விரலை ஆட்டியபோது பிடிபட்டது அந்த வரிசைதான். ஆக ஒரு நிறத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5,600 மைக்ரோசெக்கன். அதை எட்டுத் துண்டாக வெட்டுகிறார்கள், சம துண்டாக அல்ல: 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 128 வரை. கூட்டினால் 255. எந்தத் துண்டுகளில் ஆடி திரைப் பக்கம் சாய வேண்டும் என்று தெரிவு செய்தால், பூச்சியத்திலிருந்து 255 வரை எந்த அளவு வெளிச்சத்தையும் அளந்து கொடுக்கலாம். ஆகச் சிறிய துண்டு 22 மைக்ரோசெக்கன். ஆடி புரண்டு அடங்கச் சுமார் 15 மைக்ரோசெக்கன் போதும். கணக்கு மயிரிழையில் தப்புகிறது. இவ்வளவு வேகத்தில் வெட்டிவெட்டி வரும் ஒளியைக் கண் கூட்டி மெழுகிச் சாம்பல் நிறமாக்கிக்கொள்கிறது. பாதி வேலை பார்ப்பவருடையது, கூலி இல்லை.

வெளிச்சத்தை நேரத்தால் அளக்கும் இந்த வழிக்கு வர ஆய்வாளர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. ஒளியைப் பரப்பின் நெளிவால் ஆளலாம் என்ற எண்ணம் பழையது. சூரிச்சில் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1939இல் காப்புரிமை கோரிய ஐடோஃபோர் கருவியில், ஆடியின் மேல் பூசிய எண்ணெய்ப் படலத்தை இலத்திரன் கற்றை நெளியவைக்கும். நெளிந்த இடத்து ஒளி மட்டும் தடுப்புச் சட்டங்களைத் தாண்டித் திரைக்குப் போகும். அப்பொலோ விண்கலங்கள் நிலவுக்குப் போன காலத்தில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் பெருந்திரைகளில் படம் காட்டியவை இந்த எண்ணெய்ப் பெட்டிகள். இலங்கையில் தொலைக்காட்சியே 1979இல்தான் வந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோர்ன்பெக் 1977இல் தொடங்கியதும் நெளிவில்தான். உலோகம் பூசிய சவ்வைச் சிலிக்கன் மேல் இழுத்துக் கட்டி, மின்னழுத்தத்துக்கேற்ப அதைக் குழியவைத்தார்: கூடக் குழிந்தால் கூட வெளிச்சம், குறையக் குழிந்தால் குறைய. ஆனால் ஆயிரக்கணக்கான புள்ளிகளும் ஒரே அழுத்தத்துக்கு ஒரே அளவாகக் குழிய வேண்டுமே. அது சீராக வரவில்லை. பத்து வருடப் பாடுக்குப் பிறகு 1987இல் அவர் அளவாகக் குழியும் ஆசையையே விட்டார். ஆடி ஒரு பக்கமோ மறுபக்கமோ போய் முட்டி நிற்கட்டும், அளவை நேரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நல்ல பொறியியல் பல நேரம் இப்படி எதையாவது கைவிடுவதில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஆனால் இந்தச் சில்லு 1990இல் போன முதல் வேலை சினிமா அல்ல, விமானப் பயணச்சீட்டு அச்சடிக்கும் இயந்திரம். அதில் 840 ஆடிகள், ஒற்றை வரிசையில். 1999இல் ஸ்டார் வார்ஸ் படம் பிலிம் சுருள் இல்லாமல் இதே நுட்பத்தில் ஓடியது. பின்னர் சென்னையின் கியூப் போன்ற நிறுவனங்கள் தமிழ்ப் படங்களையும் சுருளிலிருந்து விடுவித்தன. 2015இல் ஹோர்ன்பெக்குக்கு ஆஸ்கார் கிடைத்தது.

கீல் முறியாதா என்ற பயம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் இருந்தது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடியும் அல்லவா? கீலின் தடிப்போ மைக்ரோனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெலிவுதான் காப்பாற்றியது: தடித்த உலோகத்தில் குறைகள் திரண்டு வெடிப்பாக வளர்வதுபோல் வளர இங்கே இடமில்லை. சோதனைகளில் ஆடிகள் ஒரு இலட்சம் கோடித் தடவைக்கு மேல் புரண்டும் கீல் ஒடியவில்லை. மற்றப் பயம் ஈரம். துளி ஈரம் இருந்தாலும் ஆடியின் முனை தரையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒட்டாத மூலக்கூற்றுப் படலம் பூசி, கண்ணாடி மூடியிட்டுச் சில்லை அடைத்துவிடுகிறார்கள். கல்முனைக் கடற்கரையின் உப்புக்காற்று ஆடியைத் தொடுவதில்லை. மின்பலகையையும் இணைப்பிகளையும்தான் தின்கிறது.

ஆடியின் உண்மையான பகை சூடு. கச்சான் காலத்துப் புழுதி வடிகட்டியை அடைத்து, விசிறி மூச்சுத் திணறும்போது, ஒரே பக்கம் நெடுநேரம் சாய்ந்திருந்த கீல் மெல்ல அந்தப் பக்கமே பழகிவிடுகிறது. நினைவுக் கலம் கட்டளையை மாற்றினாலும் திரும்ப மறுக்கிறது. திரையில் போகாமல் நிற்கும் வெள்ளைப் புள்ளி என்றால் திரைப் பக்கம் மாட்டிக்கொண்ட ஆடி. கறுப்புப் புள்ளி என்றால் மறுபக்கம். ஒன்றிரண்டு வந்தால் பின்னால் கூட்டமாக வரக்கூடும், சில்லையே மாற்ற வேண்டியதாகும். மணமக்கள் பெயரை அசையாமல் மணிக்கணக்கில் திரையில் நிறுத்திவைக்கும் மண்டபக்காரர்கள் இடையிடையே வேறு படங்களை ஓடவிட்டால், மாதம் ஒருமுறை வடிகட்டியைத் தட்டித் துடைத்தால், அந்தச் செலவு சில வருடம் தள்ளிப்போகும்.