உங்களுக்குத் தெரியுமா? – மயிரிழை எழுத்துகள்

ஃபேஷன் இதழ்களின் அட்டையிலும் சென்ட் டப்பாக்களிலும் ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோடு நல்ல தடிமன், அடுத்தது மயிரிழை. பெரும்பாலும் அது போடோனி அல்லது டிடோ குடும்பத்துச் சாய்வெழுத்தாக, அதாவது இட்டாலிக்காக இருக்கும். இத்தாலியின் பார்மா நகரில் ஜாம்பத்திஸ்தா போடோனியும் பாரிஸில் ஃபிர்மன் டிடோவும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்டி போட்டு மெலியவைத்த எழுத்துகள் இவை.

● இட்டாலிக் முதலில் அலங்கார எழுத்தாக இருக்கவில்லை. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுடியஸ் 1501-இல் வெளியிட்ட வர்ஜில் கவிதை நூல், கையடக்கப் பதிப்பு. முழு நூலும் சாய்வெழுத்தில்தான் அச்சானது. எழுத்தை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. படித்தவர்களின் வேகமான கையெழுத்தே அவருக்கு மாதிரி. பெரிய எழுத்துகள் மட்டும் அதில் நிமிர்ந்தே நின்றன!

● நேர் எழுத்தைச் சாய்த்துவிட்டால் அது இட்டாலிக் ஆகிவிடாது. போடோனி இட்டாலிக்கில் சின்ன 'ஏ' தன் மேல்வளைவை விட்டுவிட்டு, நாம் கையால் எழுதுவதுபோல் ஒற்றை வட்டமாகிறது. 'எஃப்' வரிக்குக் கீழே வால் நீட்டுகிறது. ஒவ்வோர் எழுத்தும் புதிதாக வரையப்பட்டது. கணினியில் நாம் சாய்க்கும் தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை வெறும் சாய்ப்புதான். இது உண்மையான குறை.

● 'எஃப்' எழுத்தின் மேல்கொக்கி, ஈய எழுத்துக் காலத்தில் பெரிய தலைவலி. அது ஈயக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து எழுத்தில் இடித்தால் உடைந்துபோகும். அதனால்தான் 'எஃப்', 'ஐ' இரண்டையும் சேர்த்து ஒரே கட்டையாக வார்த்தார்கள்.

● தடிமனும் மெலிவும் வந்தது கூர்முனைப் பேனாவாலும் செப்புத்தகட்டுச் செதுக்கலாலும். அழுத்தினால் கோடு பருக்கும், விட்டால் மெலியும். பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில் கையெழுத்து ஆசிரியராக இருந்தவர். 1757-இல் அவர் அச்சிட்ட வர்ஜிலுக்கு வழவழப்பான தாளையும் பயன்படுத்தினார். அச்சான பக்கங்களைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்தினார். மெல்லிய கோடு சொரசொரப்பான தாளில் நிற்காதே!

● போடோனி 1813-இல் காலமானார். அவருடைய எழுத்து மாதிரிகள் அடங்கிய 'மானுவாலே திபோகிராஃபிகோ' நூலை 1818-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவர் அவர் மனைவி மார்கெரிட்டா. அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று நமக்குத் தெரியும் போடோனி பாதிதான்.

● சிறிய அளவுக்குப் போகும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கியே ஆகவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' இதழுக்காக ஜொனாதன் ஹோஃப்லர் டிடோ எழுத்துருவை ஏழு வெவ்வேறு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். மயிரிழையின் கனம் மட்டும் மாறும்.

● இந்த வகை எழுத்துருக்களில் காசு கொடுக்காமல் கிடைப்பதில் சிறந்தது, கிளாஸ் எக்கர்ஸ் சோரன்சென் வடிவமைத்த 'பிளேஃபேர் டிஸ்ப்ளே'. 2011-இல் வெளியானது. இட்டாலிக்கும் உண்டு.

● அழைப்பிதழ் அடிக்கப் போகிறீர்களா? பெயர்களையும் தலைப்பையும் மட்டும் மயிரிழை எழுத்தில் பெரிதாகப் போடுங்கள். முகவரி, நேரம், தொலைபேசி எண்ணைச் சாதாரண எழுத்தில் விடுங்கள். கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து விட்டால், மை பரவி மயிரிழைகளை அடைத்துவிடும். ஒரு பிரதி அடித்துப் பார்த்த பிறகே மொத்தத்துக்கும் சரி சொல்லுங்கள்.