பையனுக்கு ஆபரேஷனா? பொறுங்கள், களிம்பு இருக்கிறது!

அனுமந்தன்பட்டி பக்கம் பேரனைக் குளிப்பாட்டும் பாட்டிக்குத்தான் முதலில் சந்தேகம் வரும்.

"ஏத்தா, புள்ளைக்குத் தோலு பின்னாடி போகலையே! ஒண்ணுக்குப் போறப்ப பலூன் மாதிரி உப்புதே!"

அவ்வளவுதான். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. 'ஆபரேஷன்' என்று யாராவது சொன்னதும் தாய்க்குக் கை கால் ஓடாது. எந்த நகையை அடகு வைப்பது என்று தகப்பன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

பெரும்பாலான பையன்களுக்கு ஆபரேஷனே தேவைப்படாது!

பிறக்கும்போது முன்தோல் உள்ளே மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். அது இயற்கை. வயது ஏற ஏறத் தானே விடுபடும். டென்மார்க் டாக்டர் ஜேக்கப் ஓஸ்டர் சுமார் 2 ஆயிரம் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து, 1968-ல் முடிவை வெளியிட்டார். 6, 7 வயதில் 100-க்கு 8 பேருக்கு இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில்? 100-க்கு ஒருவருக்குத்தான்!

இழுக்காதீர்கள்!

எண்ணெய் தடவி பலவந்தமாக இழுப்பதுதான் வினை. தோல் கிழியும். புண் ஆறித் தழும்பாகும். இல்லாத இறுக்கம் அப்போதுதான் நிஜமாகவே வந்து சேரும்.

தொல்லை கொடுக்கும் இறுக்கத்துக்கு டாக்டர்கள் முதலில் எழுதிக் கொடுப்பது பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பு. இறுகிய வளையத்தில் மட்டும் லேசாக, தினம் இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம் வரை தடவ வேண்டும். பத்துப் பையன்களில் எட்டுப் பேருக்காவது தோல் இளகிக் கொடுக்கிறது. ஆனால் பாதியில் விட்டால் பலன் இல்லை.

மருந்துக் கடையில் 'படைக்குக் களிம்பு' என்று கேட்டு வாங்கிப் பூசுகிறவர்கள் உண்டு. அதில் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அந்த விளையாட்டு வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

மத வழக்கப்படி செய்யும் சுன்னத் வேறு விஷயம். இங்கே பேச்சு நோய்க்கான ஆபரேஷனைப் பற்றித்தான்.

எப்போது கத்தி?

தோலின் நுனி வெள்ளையாகத் தடித்துப் போயிருந்தாலோ, அடிக்கடி சீழ் வைத்தாலோ, களிம்புக்கும் மசியாவிட்டாலோ ஆபரேஷன் வேண்டியிருக்கும்.

பின்னே இழுத்த தோல் திரும்பி வராமல் மாட்டிக்கொண்டு, நுனி வீங்கினால் அது அவசர கேஸ். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. இரண்டு ஊரிலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. விடியட்டும் என்று காத்திராமல், நடுராத்திரி என்றாலும் பையனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.